பிறர் கை பட்ட பெட்டி

மின்சாரக் கிற்றார் தனித்து நின்று பாடும் வாத்தியமன்று. வீணைக்குக் குடம் உண்டு. வயலினுக்கு உட்குழிந்த மரக்கூடு உண்டு. தந்தியின் அதிர்வை வாங்கி வளர்த்துக் கேட்போர் செவிக்கு அனுப்புவது அந்தக் குடமும் கூடுமே. மின்சாரக் கிற்றாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய மரப்பலகை. அதன் தந்தியை மீட்டினால் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேளாது. தந்தியின் கீழ் அமைந்த காந்தச் சுருள் அவ்வதிர்வை மிகச் சிறியதொரு மின்னசைவாக மாற்றுகிறது. அதனைக் கம்பி வழியே பெற்றுப் பன்மடங்கு பெருக்கி ஒலியாக்கும் பெட்டியே அவ்வாத்தியத்துக்குக் குடமாவது. அப்பெட்டியை அம்பிளிபயர் என்பது உலக வழக்கு; எமது விஞ்ஞான பாடநூல்கள் விரியலாக்கி என்னும். ஆகவே, விரியலாக்கி பழுதுற்றது என்று கிற்றார்க் கலைஞர் ஒருவர் சொல்வாராயின், தம் வாத்தியத்திற் பாதி ஊமையாயிற்று என்றே அவர் சொல்கிறார்.

பழைய விரியலாக்கிகளின் உயிர்நிலை வால்வு என்னும் கண்ணாடிக் குழாய். முன்னாளைய வானொலிப் பெட்டிகளோடு பழகிய முதியோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆளியைத் திருப்பியவுடன் அப்பெட்டி பேசாது. உள்ளே திரி கனன்று செந்நிறங் கொண்ட பின்னரே குரல் எழும். திரியின் வெப்பத்தாற் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, வெற்றிடத்தினூடே அனோட்டு என்னும் தகட்டை நாடிச் செல்லும். 1904 இல் ஆங்கில விஞ்ஞானியான பிளெமிங் இவ்விரு மின்வாய்களை உடைய குழாயை ஆக்கினார். 1906 இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ற் அவ்விரண்டுக்கும் இடையே நெய்யரி என்னும் கம்பி வலையொன்றை நிறுத்தினார். குளத்து மதகைச் சிறுவன் ஒருவன் சிறிதே திருப்ப வாய்க்காலிற் பெருநீர் கூடியுங் குறைந்தும் ஓடுவது போல, நெய்யரியிற் படும் நுண்ணிய மின்னசைவுக்கு ஏற்பப் பேரோட்டமும் கூடிக் குறையும். விரியலாக்கம் என்பது இவ்வளவே.

1947 இல் திரான்சிற்றர் பிறந்தது. காலப்போக்கில் வானொலியும் தொலைக்காட்சியும் வால்வைக் கைவிட்டன. கிற்றார்க் கலைஞர் மட்டும் கைவிட்டிலர். அவர் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. வால்வு தன் எல்லையை மீறி ஓட்டப்படும்போது திடீரென்று முறிந்து ஓசை கெடுவதில்லை. மெல்ல மெல்லத் தட்டையாகிறது. அதனால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்கள் பல கூடி, ஒலி தடித்து, கரகரத்து, மனிதக் குரல் போல உருக்கங் கொள்ளுகிறது. ஏனைய கருவிகளில் அது குற்றம்; இங்கே அதுவே குணம். அந்தக் குணத்தை நாடுவோர் உளராதலின், ரசியாவிலும் சிலோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன.

இப்பெட்டிகளின் வரலாற்றில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் லியோ பென்டர். கலிபோர்ணியாவிலுள்ள புல்லர்ட்டன் என்னும் ஊரில் 1938 இல் வானொலி திருத்தும் கடை வைத்தவர் அவர். கிற்றார் உலகையே மாற்றிய அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது! ஆனால் திருத்துவோனுடைய சங்கடம் அவருக்கு நன்கு தெரியும். ஆதலின், உறுப்புக்களையெல்லாம் ஓர் அட்டையின் மீது நிரை நிரையாக வைத்து, துளைதோறும் பற்றாசு இட்டு இணைக்கும் முறையைக் கைக்கொண்டார். மூடியைத் திறந்தால் மின்சுற்று ஏட்டுப் பக்கம் போலக் கண்முன் கிடக்கும். எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாளொன்று பெட்டியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். சுற்றின் குறியீடும் அதிற் காணப்படும். 1963 இல் வெளிவந்த ‘டீலக்ஸ் றிவேப்’ என்னும் பெட்டியை உதாரணமாகக் கொள்வோம். ஏபி763 என்பது அதன் சுற்று. வெளியீட்டுக்கு இரண்டு 6வி6 வால்வுகள். ஏறத்தாழ 22 உவாற்று வலு. 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று. அனோட்டில் 415 வோல்ற்று என்று வரைபடம் கூறும். 6வி6 வால்வைச் செய்தோர் தம் கைநூலில் விதித்த எல்லையிலும் அது மிகுதி. விதியை முதலில் மீறியவர் மூலவரே. பின்வந்தோரைக் குறை கூறப் புகும்போது இதனை நினைவிற் கொள்வது நன்று.

எளிதில் திறக்கவும் எளிதில் விளங்கவும் கூடிய கருவியொன்று இருந்தால், அதனை மாற்றுவோர் தோன்றாதிருப்பரோ? 1951 இல் மெம்பிஸ் நகரில் ‘றொக்கெற் 88’ என்னும் பாட்டு ஒலிப்பதிவானபோது, வழியிலே பழுதுற்ற விரியலாக்கியின் கூம்புக்குத் தாள் திணித்துச் சமாளித்தனர் என்பர்; அந்தக் கரகரப்பே பாட்டின் புகழாயிற்று. லிங் றே என்பார் 1958 இல் தம் ஒலிபெருக்கியின் கூம்பைத் துளைத்தார். ‘கிங்ஸ்’ குழுவினரான டேவ் டேவிஸ் சவர அலகினாற் கிழித்தே விட்டார். 1964 இல் அவர் வாசித்த பாட்டு இங்கிலாந்தெங்கும் முழங்கியது. இவையெல்லாம் வன்செயல்கள். நுட்பமான மாற்றங்களும் உண்டு. இலண்டனின் மேற்கே ஹன்வெல் என்னுமிடத்தில் முரசு வாத்தியக் கடை நடத்திய ஜிம் மார்சல், 1962 இற் கென் பிறான், டட்லி கிறேவன் என்போருடன் சேர்ந்து தம் முதல் விரியலாக்கியை உருவாக்கினார். அதற்கு மூலம் எது? பென்டரின் ‘பாஸ்மன்’ பெட்டியின் 5எப்6-ஏ என்னும் சுற்றேயாம். முதல் வால்வு வேறாயிற்று. நிலைமாற்றிகள் ஆங்கில நாட்டவையாயின. நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகள் இருந்த திறந்த பெட்டிக்குப் பதிலாக நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட மூடிய பெட்டி வந்தது. சுற்று ஏறத்தாழ ஒன்றே, குரல் வேறு. அக்குரலின்றி எரிக் கிளப்டனும் ஜிமி ஹென்றிக்சும் இல்லை. கலிபோர்ணியாவிலே ராண்டல் சிமித் என்பார், 1960 களின் பிற்பகுதியில், பென்டரின் சிறிய ‘பிறின்ஸ்ரன்’ பெட்டிக்குள் பெரிய பெட்டியின் வலுவை அடக்கிக் காட்டினார். அந்தக் குறும்பிலிருந்து ஒரு தொழிலகமே வளர்ந்தது.

எனவே, மாற்றம் என்றவுடன் பிழை என்று முடிவு கட்டுதல் தகாது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி நூல் பதிப்போர் இவ்வுண்மையை வேறொரு துறையில் அறிவர். எழுதினோன் கைச்சோர்வு வேறு. கற்றோன் ஒருவன் ஆராய்ந்து செய்த திருத்தம் வேறு. தன் சரக்கை விற்பதற்கு ஒருவன் நுழைத்த இடைச்செருகல் வேறு. மூன்றும் ஒரே ஏட்டிற் கலந்து கிடக்கும். பலர் கைமாறி வந்த விரியலாக்கியின் நிலையும் அதுவே. தாள் ஒன்று சொல்லும். உள்ளே கம்பி வேறொன்று சொல்லும். பற்றாசுக் கோலைச் சூடாக்குவதற்கு முன், படிக்க வேண்டும்.

படிப்பதற்கு முன்னும் ஒன்றுண்டு; உயிரைக் காத்தல்.

வீட்டு மின்னை இணைப்பிலிருந்து நீக்கிவிட்டேன், இனி அச்சமில்லை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் உயிரை வாங்கும். இப்பெட்டியினுள்ளே கொள்ளளவிகள் உள. கடைக்காரர் கொண்டென்சர் என்பர். 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை அவை தம்முள் தேக்கி வைத்துக்கொண்டு வாய் பேசாதிருக்கும். தேக்கம் வடிய வழியில்லாத பெட்டிகளில், மின் நீக்கி நெடுநேரம் சென்ற பின்னும் அது தங்கியிருத்தல் கூடும். ஆதலாற் செருகியைக் கழற்றிய பின், 10,000 ஓம் அளவும் 5 உவாற்றுக்குக் குறையாத தாங்கு திறனும் உடைய தடையி ஒன்றின் ஒரு முனையை உலோகச் சட்டத்திற் கவ்வி, மறுமுனையை நன்கு காப்பிட்ட பிடியினாற் கொள்ளளவியிற் சில விநாடிகள் தொடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு செய்து, பன்மானி கொண்டு அளந்து, அழுத்தம் அற்றதைக் கண்ட பின்னரே கை வைக்கலாம். சிறிது நேரங் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். வடித்த கொள்ளளவியிலும் அழுத்தம் தானே சற்று மீளும் இயல்புண்டு. திருகாணிக் கோலாற் குறுக்கே தொட்டுத் தீப்பொறி பறக்க வடிப்பது பொருளையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

மின் பாயும் நிலையில் அளக்க நேரும்போது பழைய தொழிலாளர் இடக்கையைச் சட்டைப் பையிலோ முதுகின் பின்னாலோ வைத்துக்கொள்வர். இரு கையாலுந் தொட்டால் ஓட்டம் நெஞ்சை ஊடறுத்துச் செல்லும் என்பதே காரணம். ஈரத் தரை ஆகாது, மோதிரம் ஆகாது, வீட்டில் ஒருவருமில்லாத வேளை ஆகவே ஆகாது. இவற்றைப் படித்த பின்னும் ஐயமுடையோர் மூடியைத் திறவாது, தொழில் தெரிந்தாரிடம் கொடுப்பதே முறை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இனிப் படிக்கத் தொடங்கலாம். பல கை பட்ட டீலக்ஸ் றிவேப்புப் பெட்டிகளில் வழக்கமாகக் காணப்படும் மாற்றங்கள் சில உள. முதலாவது, 6வி6 வால்வுகள் இருந்த இடத்தில் 6எல்6 வால்வுகள் வீற்றிருத்தல். அடிமுனைகள் பொருந்தும், பெட்டியும் பேசும். ஆனால் 6வி6 இன் திரி 0.45 அம்பியர் கேட்கும். 6எல்6 இன் திரி 0.9 அம்பியர் கேட்கும். இரண்டுக்குமாக மேலும் 0.9 அம்பியரை அந்தச் சிறிய நிலைமாற்றியே சுமக்க வேண்டும். அரைமணி நேரம் ஓட்டிய பின் அதனைத் தொட இயலாதவாறு சுடுமாயின், அம்மாற்றம் செய்தோன் கணக்குப் பாராதவன் என்று துணியலாம். இரண்டாவது, சீராக்கும் வால்வைக் கழற்றி அவ்விடத்தில் சிலிக்கன் இருவாயிகளை வைத்தல். வால்வு தன்னுள் இழக்கும் அழுத்தத்தைச் சிலிக்கன் இழப்பதில்லை. ஏற்கெனவே எல்லை மீறி நின்ற 415 வோல்ற்று மேலும் உயரும். அத்துடன் அந்த 415 என்னும் எண், வீட்டு மின் 117 வோல்ற்று என்று கொண்டு எழுதப்பட்டது. இன்று அமெரிக்காவில் அது 120. 450 வோல்ற்றுத் தாங்கும் பழைய கொள்ளளவிகளுக்கு அங்கே எவ்வளவு இடைவெளி எஞ்சும் என்று வாசகரே எண்ணிக் கொள்க. முன்பலகையைத் துளைத்து மேலும் ஒரு குமிழ் வைத்தல், அதிர்வூட்டும் பகுதியை அறுத்தெறிதல், ஒலிநயத்துக்கான சிறு கொள்ளளவிகளைக் கூட்டியுங் குறைத்தும் வைத்தல் முதலியன செவியின்பம் பற்றியவை. அவற்றால் ஆபத்தில்லை, விருப்பமே அளவுகோல். (ஒரு கொள்ளளவிக்குப் பத்து மடங்கு விலை கொடுத்து அதன் நிறத்திலும் பெயரிலும் இசையைத் தேடுவோர் உளர். அது சமய நம்பிக்கை போன்றது, வாதித்துப் பயனில்லை.)

ஆனால் ஒரு மாற்றம் உண்டு. அதனை முன்னிருந்தோன் செய்யாது விட்டிருந்தால் நாம் செய்தே தீரவேண்டும். அக்காலத்து அமெரிக்கப் பெட்டிகளுக்குப் புவித்தொடுப்பு இல்லாத இருமுனைச் செருகியே இருந்தது. இரைச்சலைக் குறைப்பதற்காக வீட்டு மின் கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே கொள்ளளவி ஒன்றை வைத்தனர். ‘மரணக் கொள்ளளவி’ என்பது தொழிலாளர் அதற்கு இட்ட பெயர். அது உட்சிதைந்து கடத்தத் தொடங்கினால் உலோகச் சட்டம் உயிர்க்கம்பியாகும். சட்டத்தோடு கிற்றாரின் தந்திகளும் இணைந்துள்ளன. தந்தியின்மேல் கலைஞரின் விரல்கள் உள்ளன. அவர் பாடுவதற்காக வேறொரு சுற்றிற் புவித்தொடுப்புற்ற ஒலிவாங்கியை உதட்டால் தீண்டினால் என்னாகும்? புவித்தொடுப்புக் குறைபாடு இசைஞர் உயிரைக் குடித்ததுண்டு. 1972 இல் உவேல்சிலுள்ள சுவான்சியில், லெஸ் ஹாவி என்னும் கிற்றார்க் கலைஞர் மேடையில் ஒலிவாங்கியைத் தொட்டு மின் தாக்கி மாண்டார். 1976 இல் ‘யாட்பேட்ஸ்’ குழுவின் பாடகராயிருந்த கீத் றெல்வ், தம் வீட்டிலே, புவித்தொடுப்புச் சீரில்லாத கிற்றாரினால் உயிரிழந்தார். இவ்வளவும் அறிந்த பின்னரும், பழைமை கெட்டுவிடும், விற்பனை விலை குறைந்துவிடும் என்று இருமுனைச் செருகியை அப்படியே பேணும் சேகரிப்போர் உளர். மூலபாடத்தின்மேல் எமக்கும் பற்றுண்டு. ஆனால் வாசிப்போனைக் கொல்லும் மூலபாடத்தை யார் பேணுவர்? அக்கொள்ளளவியை நீக்குக. மும்முனைக் கம்பியிடுக. புவிக்கம்பியைத் தனக்கென அமைந்த மரையாணியாற் சட்டத்தில் இறுக்குக. உயிர்க்கம்பி முதலில் உருகியையும் பின் ஆளியையும் கடந்து செல்லட்டும்.

எம் நாட்டில் இத்தகைய அமெரிக்கப் பெட்டி கிடைக்கப் பெற்றோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே வீட்டு மின் 230 வோல்ற்று, 50 சுழற்சி. அதற்கேற்ற இறக்கு நிலைமாற்றி இடையில் இல்லாவிட்டாற் பெட்டி ஒரு நொடியிற் புகையும்.

பழுதைக் காணும் வழி, அறிந்தோர்க்குச் சுவையானது. நீண்ட காலம் உறங்கிய பெட்டியை நேரே மின்னோடு இணைத்தல் கூடாது; இழை மின்குமிழ் ஒன்றைத் தொடரில் வைத்து, அதனூடே மின்னைச் செலுத்துவர். குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்குமானால் நலம். மங்காது முழு ஒளியோடு நின்றால் உள்ளே எங்கோ குறுஞ்சுற்று உண்டு. புதிய எல்ஈடி விளக்கு இதற்கு உதவாது. கடைகளில் அருகிவரும் பழைய குமிழே வேண்டும். ஒலிபெருக்கியை இணையாது ஓட்டுதலும் பெரும் பிழை. சுமையற்ற வெளியீட்டு நிலைமாற்றியிற் கடும் அழுத்தம் எழுந்து காப்பைப் பொசுக்கிவிடும்.

ஓயாத முழக்கம் கேட்குமாயின் இசைச் செவி இங்கே உதவும். 60 சுழற்சி மின்னுள்ள அமெரிக்காவில், உலர்ந்துபோன வடிகட்டற் கொள்ளளவிகளால் எழும் முழக்கம் 120 அதிர்வு உடையது. திரிக் கம்பிகளாலோ புவித்தொடுப்புக் குறையாலோ எழுவது 60. எம் நாட்டில் அவை முறையே 100 உம் 50 உம் ஆகும். இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி! சுருதி பிடிக்கத் தெரிந்தவர் கருவியின்றியே நோய் நாடிவிடலாம். ஒரு வெளியீட்டு வால்வின் அனோட்டு மாத்திரம் இருட்டிற் செம்பழுப்பாய்க் கனன்றால், அதற்கு முன்னுள்ள இணைப்புக் கொள்ளளவி நேரோட்டத்தைக் கசியவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால், நெய்யரியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிரழுத்தம் குறைந்து வால்வு மிதமிஞ்சி உழைக்கும். வெடுக்கு வெடுக்கென்று விட்டுவிட்டு ஒலிப்பின் உலர்ந்த மரக்குச்சியொன்றால் இணைப்புக்களை மெல்லத் தட்டிக்கொண்டு செல்வர். தட்டுமிடத்தில் ஓசை தடுமாறினால் அங்கே பற்றாசு சரியாகப் பிடிக்கவில்லை. சீனரும் சப்பானியரும் உணவு உண்ணும் குச்சியே மேனாட்டுத் திருத்துவோர் பலரின் கருவிப் பெட்டியில் இதற்கென இருக்கும்.

இறுதியாக வெளியீட்டு வால்வுகளின் ஓய்வோட்டத்தை அளக்க வேண்டும். 6வி6 இன் அனோட்டு 12 உவாற்று வெப்பம் தாங்கும். அதில் நூற்றுக்கு 70 பங்கைக் கொள்வது பலரும் கைக்கொள்ளும் அளவு. 8.4 உவாற்றை 415 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 மில்லியம்பியர் வரும். கதோட்டின் அடியில் 1 ஓம் தடையி ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டால், அதிற் காணும் மில்லிவோல்ற்றே மில்லியம்பியராகும். பின்வருவோருக்கும் வேலை எளிதாகும். இதுவும் மூலத்தில் இல்லாத சேர்க்கைதான்.

எதை வைப்பது, எதை நீக்குவது என்பதில் உரியவரின் செவிக்கு முதலிடம் கொடுத்தல் நியாயம். இருபது ஆண்டுகளாக அக்குமிழைத் திருப்பி வாசித்துப் பழகியவரிடம், அது வரைபடத்தில் இல்லை என்று சொல்லிப் பிடுங்கி எறிவது பண்டிதத் தனமேயன்றிப் புலமையன்று. துளைத்த பலகை மீண்டும் மூடப்போவதுமில்லை. ஆனால் நிலைமாற்றியைச் சுடவைக்கும் மாற்றத்தை விட்டுவைத்தல் ஆகாது. அவ்வகை நிலைமாற்றி எரிந்தபின் அதே குரலை மீளப் பெறுவது அரிது. கழற்றிய பழைய உறுப்புக்களை எறியாது சிறு பையிலிட்டுப் பெட்டியின் அடியிலே வைப்பதும் நன்று.

பலர் கை பட்ட பெட்டிகளில் நாம் படும் அல்லலுக்கெல்லாம் மூலம், மாற்றியவர்கள் ஒரு வரியேனும் எழுதி வையாமையே. ஒரு கம்பியை எதற்காக அறுத்தான் என்பதை ஊகிப்பதிலேயே அரைநாள் கழிகிறது. ஆகவே வேலை முடிந்தபின், திறப்பதற்கு முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, நீக்கியவை எவை, வைத்தவை எவை, முன்னவர் மாற்றத்தில் விடப்பட்டவை எவை என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வால்வின் முனையிலும் அளந்த வோல்ற்றுக்களைக் கீழே குறித்து, திகதியிட்டு, அந்தப் பழைய வால்வுத் தாளின் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். பென்சிலால் எழுதினால் ஈரம் பட்டாலும் எழுத்துக் கலையாது.